பட்டை உரித்தவர் யார்? – களஞ்சியங்களில் ஆவாரை

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்கான தாவரக் களஞ்சியம் ஒன்றுக்கு ஆவாரை பற்றி 400 சொல்லில் ஒரு பதிவு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறவர் குழம்பிவிடக் கூடாது என்று ஒரு தாளில் வரிசையும் போட்டுக் கொடுத்தார்கள். தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், குடும்பம், வளரியல்பு, இலை, பூ, காய், பரவல், மருத்துவப் பயன், கடைசியில் பிற பயன். நல்ல வரிசைதான். எந்தச் செடியை எடுத்தாலும் இதே பெட்டிகளில் போட்டு நிரப்பிவிடலாம். நானும் நிரப்பினேன். 'பிற பயன்' வந்தது. மாதிரிக்குக் கொடுத்திருந்த வேறொரு பதிவைப் பார்த்து நானும் அதே நடையில் எழுதினேன்: 'இதன் பட்டை தோல் பதனிடப் பயன்படுகிறது.'

எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். என் அவ்வாவின் வாழ்க்கை ஐந்து சொல்லுக்குள் இருந்தது. அதிலும் அவ்வா இல்லை. பட்டை இருக்கிறது, தோல் இருக்கிறது. பயன்படுத்தியவர் யார்? இலக்கணப்படி கேட்டால் இந்த வாக்கியத்தின் எழுவாய் பட்டை. அதுவே போய்க் குழியில் விழுந்து, அதுவே ஊறி, அதுவே தோலைப் பதம் பண்ணி வெளியே எடுத்துக் காய வைத்துவிட்டது போலிருக்கிறது!

அதோடு மூன்று வாக்கியம் சேர்த்து அனுப்பினேன். பட்டையை உரித்தவர்கள், தோலை உரித்தவர்கள், பதனிட்டவர்கள் யார் என்று அருந்ததியர், மாதிகர் என்ற பெயர்களோடு எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது அந்த மூன்று வாக்கியமும் அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'இது தாவரம் பற்றிய பதிவு. சாதி தேவையில்லை.' குறிப்பு எழுதியவர் கெட்டவரில்லை. இன்று வரைக்கும் எனக்கு மரியாதையுள்ளவர். ஆனால் அந்தக் குறிப்பு அவருடையது மட்டுமல்ல, அதற்கு முந்நூறு வருஷ வயசு என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரு செடியைப் பற்றி எழுதும்போது எது முதலில் வரும், எது கடைசியில் வரும், எது வரவே வராது என்பதை யார் தீர்மானித்தார்கள்? இதைத் தேடிப் போனால் நம் பக்கத்து மண்ணிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678க்கும் 1693க்கும் இடையில் ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. மலபாரின் எழுநூறுக்கும் மேற்பட்ட செடிகள். ஒவ்வொரு பதிவுக்கும் மலையாளப் பெயர்தான் தலைப்பு. பிறகு மற்ற மொழிப் பெயர்கள். பிறகு வேர், தண்டு, பட்டை, இலை, பூ, காய் என்று கீழிருந்து மேலே ஏறும் விவரிப்பு. முடிவில் மருந்து. என் கையில் கொடுத்த தாளின் பாட்டன் இதுதான்.

இந்த நூலுக்குச் செடிகளின் பெயரும் குணமும் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன். சேர்த்தலைப் பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த கொல்லாட்டு வீட்டு வைத்தியர், ஈழவர். தன் குடும்பத்து ஏட்டிலிருந்து சொன்னேன் என்று 1675 ஏப்ரலில் அவர் கோலெழுத்தில் எழுதிக் கொடுத்த சாட்சிக் கடிதம் முதல் தொகுதியில் அப்படியே அச்சாகியிருக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிப் பிராமணர்களின் கடிதமும் இருக்கிறது. வான் ரீட்டின் வகைப்பாட்டுக்குப் பின்னால் இருந்தது பிராமண வைத்திய நூல்களைவிட ஈழவ வைத்தியர்களின் அறிவுதான் என்று வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ் 1990களில் வாதாடினார். அந்த வாதத்தில் மிகை இருக்கலாம் என்பவர்களும் உண்டு. எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. சாட்சிக் கடிதம் புத்தகத்தின் முகப்பில் இருக்கிறது. செடிப் பதிவுக்குள் போனால் வேரும் இலையும் மருந்தும்தான். சொன்னவரை வாசலில் உட்கார வைத்துவிட்டு அவர் சொன்னதை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நமக்குப் பழகிய ஏற்பாடுதானே? அச்சுதன் கையெழுத்துப் போட்டு 249 வருஷம் கழித்து, 1924இல், அவருடைய ஊருக்குக் காயலின் அக்கரையில் இருக்கும் வைக்கத்தில், அவருடைய சனங்கள் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகப் போராட வேண்டியிருந்தது. இதற்குள் அவருடைய செடிகள் உலகம் சுற்றி வந்துவிட்டன.

ஏனென்றால் லின்னேயஸ் அந்த நூலைத்தான் மேசையில் வைத்துக்கொண்டு நம் பக்கத்துச் செடிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தார். 1753இல் வந்த அவருடைய நூலோடு இருசொல் பெயர் முறை நிலைபெற்றது. நம் ஆவாரைக்கு அவர் வைத்த பெயர் 'காசியா ஆரிக்குலாட்டா'. இரண்டாம் சொல்லுக்குக் காதுள்ளது என்று பொருள். இலைக்காம்பின் அடியில் காது மடல் போல அகலமாக இரண்டு செதில் இருக்கும், அதைப் பார்த்து வைத்த பெயர். பின்னால் ராக்ஸ்பர்க் இதை 'சென்னா' என்ற பேரினத்தில் சேர்த்தார். 1982க்குப் பிறகு 'சென்னா ஆரிக்குலாட்டா' என்பதே ஏற்கப்பட்ட பெயர். விஷயம் இதுதான்: அறிவியல் பெயரை முழுசாக எழுதினால் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'லி.' என்றும், அதற்குப் பின்னால் ராக்ஸ்பர்க்கின் சுருக்கமும் வரும். பெயர் வைத்தவர் பெயரைச் செடியின் பெயரிலேயே ஒட்டி வைப்பது தாவரவியலின் விதி. லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆக, செடிப் பதிவில் மனிதர் பெயருக்கு இடமில்லை என்பது பொய். இடம் இருக்கிறது. முதல் வரியிலேயே இருக்கிறது. யாருக்கு என்பதுதான் கேள்வி.

வெள்ளைக்காரன் ஆட்சி முற்றிய பிறகு செடிப் பதிவுக்கு இன்னொரு அச்சு வந்தது. ஜார்ஜ் வாட் தொகுத்த இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி 1889 முதல் 1893 வரை வெளியானது. அங்கே செடி என்றால் சரக்கு. பிசின், சாயமும் பதனமும், எண்ணெய், மருந்து, உணவு, மரம் என்று உட்தலைப்புகள். வாட்டின் அகராதி அறிவியல் பெயரின் அகரவரிசையில் போகும். ஆவாரை அப்போது காசியா என்பதால் ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தில், 1889இல் வந்த இரண்டாம் தொகுதியில் இருக்கிறது.

இதை மனசில் வைத்துக்கொண்டு இன்னொரு அலமாரிக்குப் போவோம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதி. செடிகளுக்கு அகராதி போட்டது போலவே மனிதர்களுக்கும் அகராதி போட்ட நூல். பெயர், தொழில், உட்பிரிவு, சடங்கு, சில சமயம் மண்டை அளவு வரை. செடிப் பதிவின் வடிவத்தில் மனிதப் பதிவு. இதிலும் இரண்டாம் தொகுதி, அதே மூன்றாம் எழுத்து. 'சக்கிலியன்' என்று அவர் எழுதிய பதிவில் ஒரு விஷயம் வருகிறது. தோல் பதனிடுவதற்கு மதிப்புள்ள ஆவாரைச் செடியை இந்தச் சனங்கள் மிகவும் போற்றுகிறார்கள், கல்யாணத்துக்கு முன்னால் தாலியை ஆவாரங்கிளையில் கட்டுகிறார்கள் என்கிறார். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே அரசாங்கம், ஒரே காலம், ஒரே எழுத்து. ஒரு இரண்டாம் தொகுதியில் செடி சரக்காகக் கிடக்கிறது. இன்னொரு இரண்டாம் தொகுதியில் அந்தச் செடியை அறிந்தவர்கள் விநோதப் பழக்கம் உள்ள சாதியாகக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு ஆவாரையைப் பற்றித் தெரிந்தது அறிவு அல்ல, சடங்கு. வாட்டுக்குத் தெரிந்தது அறிவு.

சுதந்திரத்துக்குப் பிறகு அலமாரி மாறவில்லை. மத்திய அரசின் அறிவியல் ஆய்வு மன்றம் கொண்டுவந்த 'இந்தியாவின் வளம்' வரிசையிலும் 1950இல் வந்த இரண்டாம் தொகுதியில்தான் காசியா இருக்கிறது. மூன்றாவது இரண்டாம் தொகுதி! தலைப்பைப் பாருங்கள், வளம். தமிழில் பெரியசாமித் தூரனின் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம் வந்தது. அது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமோ அறிவியலுக்குத் தனி, வாழ்வியலுக்குத் தனி என்று இரண்டு களஞ்சியம் போட்டது. வசதிக்காகச் செய்ததுதான். ஆனால் செடி ஒரு வரிசையில், சனம் ஒரு வரிசையில் என்று பிரித்த பிறகு ஆவாரைக்கும் எங்கள் அவ்வாவுக்கும் நடுவில் உள்ள உறவை எந்தத் தொகுதியில் எழுதுவது?

1993இல் அவ்வா சொன்னதை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்போது எனக்கு இதெல்லாம் களஞ்சியத்துக்கு ஆகும் என்று தெரியாது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், கிழவி பேசுவது பிடிக்கும், அவ்வளவுதான்.

அவ்வா அதை ஆவாரை என்று சொல்ல மாட்டார். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. "தங்கேடு" என்பார். திண்டுக்கல்லுக்கு மேற்கே செம்மண் காட்டில் அவருக்குப் பத்து வயசு முதலே வேலை அதுதான். "மழ பேஞ்சு பத்து நா கழிச்சுப் போகணும் நாயனா. அப்ப குச்சியில ஈரம் ஏறியிருக்கும். கட்டையால நாலு தட்டு தட்டுனா பட்ட தானா கழண்டு வரும். கோடையில போனா நகந்தான் பேரும்." விரல் மொத்தக் குச்சியில்தான் பட்டை நல்லது என்பார். அடிமரத்தைத் தொடக் கூடாது. தூரை விட்டு வெட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி தழைக்கும், அதனால் ஒரு காட்டை ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் போவார்களாம். காய வைத்து, கொத்தி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட வேண்டும். பாதி ஊருக்குள் தோல் பதம் போடும் தாத்தாவுக்கு. பாதி திண்டுக்கல் தோல் ஷாப்புக்கு வாங்கிப்போகும் ஏவாரிக்கு.

தாத்தா செய்த வேலையையும் அவ்வாவே சொன்னார். செத்த மாட்டை உரித்து, தோலை அலசி, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, முடியைச் சீவி, ஒட்டியிருக்கும் சதையைச் செதுக்கி, மறுபடி அலசி, பிறகு தோலைப் பை மாதிரி தைத்துக் கட்டித் தொங்கவிட்டு அதற்குள் ஆவாரம்பட்டைத் தண்ணீரை ஊற்றுவார்களாம். தண்ணீர் தோலின் வழியாகக் கசிந்து சொட்டும். கீழே பிடித்து மறுபடி மேலே ஊற்ற வேண்டும். சில நாள் கழித்துப் பையைத் தலைகீழாகத் திருப்பிக் கட்ட வேண்டும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்ட வேண்டும். "கடுக்கா காட்டலன்னா வெயில்ல தோலு செவந்துபோகும்" என்றார் அவ்வா. பல வருஷம் கழித்து தோல் வேதியியல் பற்றிப் படித்தபோது அதே விஷயம் வந்தது. ஆவாரையால் பதனிட்ட தோல் வெளிச்சத்தில் சிவக்கும், கடுக்காய் கொண்டு முடித்தால் அது தடுக்கப்படும். பட்டையில் 15 முதல் 20 சதவீதம் வரை பதனிடும் சத்து இருக்கிறது என்றும் இருந்தது. அவ்வாவிடம் சதவீதம் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்துத் துவர்ப்பைச் சொல்வார்.

இப்படிப் பதம் பண்ணிய தோல் எங்கே போனது? செருப்புக்கு மட்டுமில்லை. மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால் நம் கிணறுகளில் தண்ணீர் இறைத்தது கமலை. கமலைச் சாலின் அடியில் தைத்த தோல் வால் வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. மாட்டுக்கு வார், சாட்டை, எல்லாம் தோல். எங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தொடாதே என்றவன் வயலுக்குப் பாய்ந்த ஒவ்வொரு சொட்டும் எங்கள் தாத்தா தைத்த தோலைத் தொட்டுவிட்டுத்தான் போனது. இது ஆவாரை பற்றிய பதிவில் வர வேண்டிய விஷயமா இல்லையா? நெல்லைப் பற்றி எழுதினால் ஏர், வரப்பு, அறுவடைத் திருநாள் எல்லாம் வரும். ஆவாரை என்றால் மட்டும் 'இது தாவரம் பற்றிய பதிவு'.

பெரிய சந்தையின் கதையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சென்னை மாகாணத்தில் தோல் ஷாப்புகள் பெருகின. ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரின்போது படையாட்களின் காலணிக்காக அரசாங்கமே அதை வாங்கியது. ஆங்கிலத்தில் இந்தச் செடிக்குத் 'தோல் பதனிடுவோர் காசியா' என்றே பேர் வந்துவிட்டது. நம் தமிழ்ப் பதிவு வெட்கப்பட்டு மறைப்பதை வெள்ளைக்காரன் பேச்சு வழக்கிலேயே வைத்திருக்கிறான் பாருங்கள். 1882இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காட்டில் கிடைக்கும் ஆவாரம்பட்டை 'சிறு வனப்பொருள்' ஆனது, குத்தகைக்குப் போனது. அதுவரை காட்டில் சும்மா உரித்த பெண் குத்தகைக்காரனிடம் கூலிக்காரியானாள், இல்லாவிட்டால் திருடியானாள். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்தது, அதில் சத்து அதிகம். அந்த மரத்தையே நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்டார்கள், இன்று அது சோலைப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அழுகிறார்கள். அப்புறம் குரோமியம் வந்தது. பாலாற்றங்கரை என்ன ஆனது என்பதற்கு 1996இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சாட்சி. தோல் ஷாப்புக் குழிக்குள் நின்றவர்கள் கதையைக் களஞ்சியம் எழுதவில்லை, நாவல் எழுதியது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது.

சரி, அப்படியானால் ஒரு செடிப் பதிவை எப்படித்தான் அமைப்பது? குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் மறுபடி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எழுதும்போது கண்டதைச் சொல்கிறேன். தாவரம் படிக்கும் நம் மாணவர்களுக்கு உதவலாம்.

செடியின் உருவத்தை விவரிக்கும் பகுதியில் கை வைக்காதீர்கள். பத்து மகரந்தத் தாள், அதில் மேலே இருக்கும் மூன்று மலடு, காய் தட்டையாகக் காகிதம் போல இருக்கும் என்பதெல்லாம் யார் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். அதன் கறாரான நடை நல்ல நடை. அறிவியலைத் திட்டுவதே விடுதலை என்று நினைக்கும் நண்பர்கள் சிலர் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சண்டை மகரந்தத்தோடு இல்லை.

பெயர்ப் பகுதியில்தான் முதல் வேலை. 'தமிழ்ப் பெயர்: ஆவாரை, ஆவிரை' என்று முடித்தால் சங்க இலக்கியம் வந்துவிடும். குறிஞ்சிப்பாட்டில் இருக்கிறது. மடலேறுகிறவன் ஊர் சிரிக்க அணிந்துவரும் பூவும் இதுதான். ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே 'தங்கேடு' என்று சொல்லும் லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள். அவர்கள்தான் இந்தச் செடியோடு அதிகம் புழங்கியவர்கள். 2014இல் தெலங்கானா இதே தங்கேட்டைத் தன் மாநிலப் பூவாக அறிவித்தது. இலங்கையில் சிங்களவர் 'ரணவரா' என்பார்கள், தேநீராகக் குடிப்பார்கள். எந்தப் பெயர் யாருடையது என்று எழுதினாலே பாதி வரலாறு வந்துவிடும்.

பரவல் என்றால் 'வறண்ட தரிசு நிலங்களில் வளரும்' என்பார்கள். தரிசு என்பது தாவரவியல் சொல் இல்லை, வருவாய்த் துறையின் சொல். வரி கட்டாத நிலம் தரிசு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்கள் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்ததும், அதன் பிறகு 1892இல் பஞ்சமி நிலம் என்று ஒதுக்கியதும் இந்தத் தரிசிலிருந்துதான். இதெல்லாவற்றையும் பதிவில் எழுத வேண்டாம். 'புறம்போக்கு, சாலையோரம், மேய்ச்சல் காடு' என்று எழுதுங்கள். செடி எங்கே நிற்கிறது, யார் போகக்கூடிய இடத்தில் நிற்கிறது என்பது தெரியும்.

மருத்துவப் பயன் முன்னால், பிற பயன் பின்னால் என்ற வரிசையை நான் மாற்றினேன். ஆவாரை இருக்கும் ஊரில் சாவே இல்லை என்கிற மாதிரி எதுகை போட்ட பழமொழி எல்லாருக்கும் தெரியும். கடைகளில் ஆவாரம்பூ டீப் பொட்டலம் தொங்குகிறது. பொங்கலுக்குக் காப்புக்கட்டில் பூ வாசலில் ஏறும். பூ சுத்தம், பட்டை தீட்டு. ஒரே செடியை மேல் சாதி, கீழ் சாதி என்று இரண்டாகக் கிழித்து வைத்திருக்கிறோம். களஞ்சியத்தின் வரிசையும் அந்தக் கிழிசலின் மேலேயே கோடு போட்டிருக்கிறது. மருந்து என்றால் சித்தர் பெயர் வரும். அந்தச் சித்த மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டிருந்த அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914இல் இறக்கும் வரை 'தமிழன்' இதழ் நடத்திக்கொண்டு, இந்த அறிவெல்லாம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்விக்கும் 'மருத்துவப் பயன்' பெட்டியில் இடமில்லை.

தோல் பற்றிய பகுதியில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்தேன், வினைச்சொல்லை. 'பயன்படுகிறது' என்பதை எடுத்துவிட்டு 'பயன்படுத்தினார்கள்' என்று போட்டேன். தமிழ் நல்ல மொழி. வினையை மாற்றினால் 'யார்?' என்று அதுவே கேட்கும். எழுவாய் போட்டே தீர வேண்டும்.

இதை வீட்டில் படித்துக் காட்டினேன். என் மகன் பொறியியல் படிக்கிறான். அவன் சொன்னது என்னைத் தூக்கிப் போட்டது. "ஏம்ப்பா, அந்த நாத்தத்துல இருந்து வெளிய வரத்தான் தாத்தா உங்களப் படிக்க வச்சாரு. இப்ப நீங்களே போயி புக்குல நம்ம பேர அதோட சேத்து ஒட்டுறீங்க. நாளைக்கு ஏழாம் வகுப்புல ஒரு வாத்தியார் இதப் படிச்சுட்டு நம்ம பசங்களத் திரும்பிப் பார்ப்பாருல்ல?"

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அவன் பக்கம் அம்பேத்கர் இருக்கிறார். 1927இல் மகாட் மாநாட்டிலேயே செத்த மாட்டு இறைச்சியை விடுங்கள் என்றார். இழிவு சுமத்தும் வேலைகளைத் தூக்கி எறியச் சொன்னார், அவற்றைப் புனிதப்படுத்துகிறவர்களைப் பார்த்துச் சிரித்தார். இன்னொரு பக்கம் காஞ்சா அய்லய்யா. 2009இல் வந்த நூலில் அவர் மாதிகர்களை அடித்தள விஞ்ஞானிகள் என்கிறார், தோலைக் கெடாமல் வைக்கக் கண்டுபிடித்தது அறிவியல் இல்லாமல் வேறென்ன என்கிறார். எனக்கு அவர் சொல்வது பிடிக்கிறது. ஆனால் விஞ்ஞானி என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி குழிக்குள் இறக்கிவிடுகிற ஆபத்தும் இதில் உண்டு. 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதன் பிறகு அங்கே சனங்கள் மாட்டுச் சடலங்களைக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டுவிட்டு, நீயே எடுத்துக்கொள் என்றார்கள். வேலையை விட்டதுதான் அங்கே போராட்டம்.

மகனோடு இரண்டு நாள் பேசினேன். அவன் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு திருத்தம் சொன்னான், அது சரி என்று பட்டது. நான் முதலில் 'அருந்ததியர் தோல் பதனிடும் தொழிலைச் செய்பவர்கள்' என்று எழுதியிருந்தேன். அது தர்ஸ்டனின் வாக்கியம். சாதிக்குத் தொழிலைக் குணமாக ஒட்டும் வாக்கியம், செடிக்கு இலையை ஒட்டுவது மாதிரி. "செய்பவர்கள்னு போடாதீங்க, செய்ய வச்சாங்கன்னு போடுங்க" என்றான். காலத்தையும் போடச் சொன்னான். அதனால் இப்படி மாறியது:

'கமலைக் காலம் முடியும் வரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் செத்த மாட்டை எடுப்பதும் தோலைப் பதனிடுவதும் அருந்ததியர் மீதும் பறையர் மீதும் சாதியால் சுமத்தப்பட்ட வேலையாக இருந்தன. அந்த வேலைக்குள் அவர்கள் ஆவாரம்பட்டையை எந்தப் பருவத்தில் உரிப்பது, எவ்வளவு ஊறவைப்பது, கடுக்காயை எப்போது சேர்ப்பது என்பதைக் கண்டறிந்தார்கள். பட்டை சேகரித்தவர்களில் பெண்களும் சிறுமிகளும் இருந்தனர். தோல் பதனிடும் ஆலைகள் இந்த அறிவை எடுத்துக்கொண்டன.'

இத்தனையும் எழுதினால் 400 சொல் தாண்டாதா? தாண்டியது. மருத்துவப் பயனில் நீரிழிவு, தோல் பளபளப்பு என்று இருந்த ஆறு வரியை இரண்டாக்கினேன். நீரிழிவுக்கு அது உறுதியான மருந்து என்பதற்கு இன்னும் போதிய சான்று இல்லை என்பதால் அந்த வெட்டில் எனக்கு வருத்தமில்லை.

புத்தகம் வந்துவிட்டது. என் பிரதியில் பார்த்தேன். தலைப்புக்குக் கீழே 'தங்கேடு' இருக்கிறது. பரவலில் புறம்போக்கு இருக்கிறது. தோல் பற்றிய நாலு வாக்கியத்தில் சாதிப் பெயர்கள் இல்லை, 'கிராமத் தொழிலாளர்கள்' என்று மாற்றிவிட்டார்கள், 'சுமத்தப்பட்ட' என்ற சொல் போய்விட்டது. 'பெண்களும் சிறுமிகளும்' அப்படியே இருக்கிறது. கடுக்காயும் இருக்கிறது. இரண்டாம் பதிப்புக்குத் திருத்தங்கள் இருந்தால் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அடித்த சொற்களை மறுபடி எழுதி, கூடவே தர்ஸ்டனின் அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து வைத்து அனுப்பியிருக்கிறேன்.